சிவப்பு மூடியில் ஒரு வாய்த் தண்ணீர்

மாமி பிளாஸ்க்கின் சிவப்பு மூடியைக் கழற்றி, கைப்பம்பியின் வாய்க்குக் கீழே பிடித்து முதல் வாய்த் தண்ணீரை எடுத்தபோது அந்தக் கிணற்றடியில் ஐந்து பேர் நின்றோம். மாமா, மாமி, அவர்களுடைய ஒரே மகளான என் மச்சாள், காணியை விற்றுத்தர வந்த ஏஜென்ட் பெண்மணி, நான். முள்வேலிக்கு அப்பால் தன் டிரக்கில் சாய்ந்தபடி ஒரு தொப்பிக்காரரும் நின்றார். ஆனால் அவரை அப்போது நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. வராதவர் என் அப்பா. “காணியைப் பாக்காமல் அச்சாரம் குடுத்த ஆக்களோட நான் ஒரு இடமும் வரமாட்டன்” என்று, ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் எங்கள் பல்கனியில் நின்றபடியே கையைக் காட்டி அனுப்பிவிட்டார். வராவிட்டாலும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போன் எடுத்தார். காணி இருந்த சஸ்காச்சுவான் மாகாணத்துக்குக் காரில் போய்ச்சேர மூன்று நாள் பிடித்தது. அத்தனை போன்களிலும் கேட்டது ஒரே கேள்விதான்: “இன்னும் திரும்பேல்லையோ?”

மாமா என் அம்மாவின் மூத்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் பட்டம்வரை படித்தவன் நான் ஒருவன்தான். மாமா மூன்றாம் வகுப்போடு பிறத்தியாருடைய வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர். ஊரில் அவர் கொத்தாத காணி இல்லை, ஆனால் அவர் பெயரில் ஒரு அடி நிலமும் இருந்ததில்லை. கனடாவுக்கு வந்த பிறகும் அதே கதைதான். ஒஷாவாவில் ஒரு கார் உதிரிப்பாகக் கொம்பனியில் இருபத்தாறு வருடம் வேலைக்கு நின்றார், வாடகை வீட்டிலேயே மகளை வளர்த்தார். அவருக்கு வீடு வாங்கும் ஆசை வந்ததே இல்லை. “வீடெண்டுறது சுவர். நான் கேக்கிறது நிலம். என்ர பேரில ஒரு காணி உறுதி எழுதிப்போட்டுச் சாகவேணும், அவ்வளவுதான்” என்பார். அந்த ஆசை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பகிடியாக இருந்தது, அவர் ஓய்வு பெறும் வருடம் வரும்வரை.

அந்த வருடம் அவர் கைபேசியில் பண்ணைகளும் மேய்ச்சல் நிலங்களும் விற்பனைக்குப் போடும் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். படங்களை அவர் பார்ப்பார், எழுத்தை நான் வாசிப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் சோபாவில் என்னைப் பக்கத்தில் இருத்தி, “தம்பி, உதை வாசி. வேலி எத்தினை கம்பி எண்டு போட்டிருக்கிறான்?” என்று தொடங்குவார். நான் வாசிப்பேன்: மேய்ச்சல் நிலம், நூற்றறுபது ஏக்கர், நாலு கம்பி முள்வேலி, ஒரு குட்டை, ஒரு கிணறு. அவர் கண்ணை மூடி ஏக்கரை எங்கள் ஊர்ப் பரப்பாக்குவார். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. எங்கள் ஊரில் ஒரு பெட்டைக்கு இரண்டு பரப்புக் காணி சீதனமாகக் கிடைத்தால் அது பேசப்படும் கலியாணம். “இரண்டாயிரத்து ஐந்நூற்றறுபது பரப்பு!” என்று கண்ணைத் திறப்பார். குசினிக்குள்ளிருந்து மாமி, “ஓம், ஆயிரத்து இருநூறு பெட்டையளைப் பெத்துப்போட்டு வாங்கோ, எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பம்” என்பார். மாமிக்கு இந்தத் திட்டத்தில் துளியும் விருப்பமில்லை. ஆடு வளர்த்து ஸ்காபரோ இறைச்சிக் கடைகளுக்கு அனுப்பலாம் என்று மாமா சொன்ன நாளில் அவர் சிரித்த சிரிப்பு மேல்மாடிக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில் மாமாவுக்கு நூற்றறுபது ஏக்கரில் ஒரு காணி பிடித்துவிட்டது. படத்தில் அதன் குட்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு கரை தெரிந்தது. “கடற்கரை மாதிரி வெண்மணல், மாமா” என்றேன். அவருடைய முழுச் சேமிப்பும், அதற்கு மேல் வங்கிக் கடனும் வேண்டும் என்ற விலை. நான் நில உரிமைப் பத்திரம், வரி, வேலி, மேய்ச்சல் குத்தகை எல்லாவற்றையும் ஒரு மாதம் இருந்து வாசித்து, நாலு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்து, “எல்லாம் சரி” என்று கடைசி வரியில் போட்டேன். அந்த நாலு பக்கத்தைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. தமிழ்க் கடையில் தந்த கலண்டரைப் பார்த்து மாமா ஒரு வளர்பிறை வெள்ளியைக் குறித்தார். அதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்கு ஐந்து கிழமை பொறுக்கவேண்டும். ஆகவே காணியைக் காணாமலே அன்று அச்சாரம் போவதென்று முடிவாயிற்று. நேரில் பார்த்துத் திருப்தியானால் மட்டுமே வாங்குவோம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கவா என்று ஏஜென்ட் போனில் கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். “நல்ல காரியத்தில ‘ஆனால்’ எண்டு ஒரு சொல்லுப் போடாதை தம்பி. மனம் கோணும்” என்றார். பட்டம் பெற்றவன் நான், அந்த நிபந்தனையை வெட்டிவிட்டேன். ஐயாயிரம் டொலர் அனுப்பினோம். மாமி தேங்காய் உடைத்தார், உடைத்தபிறகு, “தேங்காய் நல்லாத்தான் உடைஞ்சிருக்கு. காணி எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்” என்றார்.

விருப்பமில்லாத மாமி ஏன் எங்களோடு வந்தார் என்றால், “மூண்டு நாளைக்கு இந்த மனுசனுக்கு ஆர் சோறு போடுறது?” என்பதுதான் காரணம். பின் சீட்டில் ஒரு ரைஸ் குக்கர், ஒரு பெட்டி மிளகாய்த்தூள், அந்தச் சிவப்பு மூடிப் பிளாஸ்க். மச்சாள் ஓட்டினாள். மாமா முன் சீட்டில் இருந்து, அவருக்குத் தெரியாத பாதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் சுப்பீரியர் ஏரி வந்தது. மணிக்கணக்காக ஓடியும் அது முடியவில்லை. மாமி காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

“இது கடலோ, குளமோ?”

“லேக் அம்மா, லேக். ஃப்ரெஷ் வாட்டர்.”

மாமி பிளாஸ்க் மூடியைக் கழற்றிக் குனிந்து ஏரியில் அள்ளி வாயில் விட்டார். மச்சாள், “அம்மா ஸ்டாப், யூ கான்ட் ஜஸ்ட் குடிக்க!” என்று கத்தியது வீணாயிற்று. மாமியின் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் அப்படிக் கண்டதில்லை. “நல்ல தண்ணி! இவ்வளவும் நல்ல தண்ணியோ? ஒருத்தரும் காவலுக்கு நிக்கேல்லையோ?”

திரும்பி வந்து காரில் ஏறியபிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். அவருடைய ஊரில் எங்கள் ஆட்கள் இருந்த பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது மற்ற ஆட்களின் வளவுக்குள். “நாங்கள் துலாவில கை வைக்கேலாது. குடத்தை வைச்சிட்டுத் தள்ளி நிக்கவேணும். ஆரும் மனம் வைச்சு அள்ளி ஊத்தினால்தான். சில நாள் மத்தியானம் வரைக்கும் நிண்டிருக்கிறன்.” இதைக் கவலையாகச் சொல்லவில்லை, பழைய பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். மச்சாள் காரைக் கிளப்ப மறந்து இருந்தாள். பிறகு, “வாட் தி ஹெல், அம்மா, ஏன் இதை எனக்குச் சொல்லேல்ல?” என்றாள். “நீ குழாயைத் திறந்துபோட்டுப் பல்லுத் தீட்டுற ஆள். உனக்கு விளங்குமோ?” என்றார் மாமி. பிறகு எல்லோருக்கும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்.

அன்றிலிருந்து வழி நெடுகிலும் அவர் தண்ணீர் சுவைத்தார். மோட்டல் குழாய், பெட்ரோல் நிலையக் குழாய், ஒரு ஓடை. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு இருந்தது: “மருந்து போட்டிருக்கு”, “இரும்பு வாடை”, “பரவாயில்லை, தேத்தண்ணிக்கு ஆகும்.” நாங்கள் சிரித்துக்கொண்டு வந்தோம். அந்த விளையாட்டு எங்கே போய் நிற்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

காணி மிக அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பச்சைப் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து வானத்தின் அடிவரை போயிற்று. மாமா காரை விட்டிறங்கிச் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு புல்லில் நடந்து, நடுவில் நின்று, நாலு பக்கமும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அறுபத்தைந்து வயது மனிதர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஏஜென்ட் பெண்மணி அதைத் தன் கைபேசியில் படம் எடுத்தார். மாமி மட்டும் புல்லைப் பார்க்கவில்லை, நான் வெண்மணல் என்று சொன்ன குட்டைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு நேரே கைப்பம்பியடிக்குப் போனார்.

நான் அடித்தேன், அவர் மூடியைப் பிடித்தார். ஒரு வாய் எடுத்தார். கன்னத்துக்குள் உருட்டினார். தலையைத் திருப்பித் துப்பினார்.

“சவர்.”

ஒரு சொல்தான். மாமாவின் விரித்த கைகள் மெல்ல இறங்கின.

“என்ன சவர்? கனடாவில உப்புக் கிணறோ? விசர்க்கதை கதையாதையும்.”

“அப்ப நீங்கள் குடியுங்கோ.”

மாமா வாங்கிக் குடித்தார். விழுங்க முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். “ஆட்டுக்குத்தானே...” என்று, தண்ணீர் ஒழுக ஒழுகச் சொன்னார்.

“நல்லது. நீங்களும் ஆட்டோட வரிசையில நிண்டு குடியுங்கோ. நான் ஸ்காபரோவுக்குப் போறன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பக்கம் எழுதினேன். அதில் ‘கிணறு: ஒன்று’ என்று ஒரு வரி. எங்கள் ஊர்ச் சனம் காணி என்றதும் கேட்கும் முதல் கேள்வி, கிணறு நல்ல தண்ணியோ உப்போ என்பது. அதை நான் கேட்கவில்லை, ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் கிணற்றில் அள்ளியதே இல்லை. மாமா கேட்கவில்லை, ஏனென்றால் கனடாவில் உப்புத் தண்ணீர் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நான் மாமாவிடம், “என்ர பிழை மாமா” என்றேன். அவர் என் முதுகில் தட்டினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அறுபது வருட ஆசையும் ஐயாயிரம் டொலரும் அந்தப் புல்லுக்குள் எங்கோ கிடந்தன.

அப்போதுதான் வேலிக்கு அப்பால் நின்ற தொப்பிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் காணிக்காரர், எழுபது வயதிருக்கும். வேலியைத் தாண்டி வந்து, மாமி துப்பியதைக் கண்டதாகவும் இந்தக் காணி பார்க்க வந்தவர்களில் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்த முதல் ஆள் இவர்தான் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் இப்படித்தான், அவருடைய கிணறும் உப்புத்தான் என்றார். ஒன்றைத் தவிர. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வளவு, பத்து ஏக்கர். வீடு இடிந்துவிட்டது, மகன்காரன் தூர நகரத்தில். விற்பனைப் பலகை விழுந்து புல்லுக்குள் கிடக்கிறது. பத்து ஏக்கர் விவசாயிக்குப் போதாது என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தான் குடிக்கும் தண்ணீரை அங்கேதான் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, “இதைச் சொன்னதற்கு என் மனைவி என்னை ஏசப்போகிறாள்” என்றார்.

“ஏன் ஏசவேணும்?” என்று மாமி கேட்டார்.

“வேற ஆள் வாங்கினால் அவையளுக்குத் தண்ணி இல்லாமல் போயிடும் மாமி” என்றேன். மாமி தொப்பிக்காரரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார்.

தெருவைக் கடந்தோம். இடிந்த வீட்டுக்குப் பின்னால் நாலு மரம், அதற்குக் கீழே துருப்பிடித்த ஒரு கைப்பம்பி. தொப்பிக்காரர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை நிமிர்த்தி, டிரக்கிலிருந்த தண்ணீரைப் பம்பியின் தலையில் கொஞ்சம் ஊற்றினார். பம்பி குடித்தால்தான் தரும் என்றார். பிறகு மரியாதைக்கு, மாமிக்காகத் தானே அடிக்கப் பிடியில் கை வைத்தார். மாமி அவருடைய கையை மெல்ல விலக்கினார்.

“நான் அடிக்கிறன்.”

ஏழெட்டுத் தரம் அடித்தார். பம்பி இருமியது, பிறகு கொட்டத் தொடங்கியது. சிவப்பு மூடி நிரம்பி வழிந்தது. மாமி குடித்தார். மறுபடி பிடித்து இன்னொரு மூடி குடித்தார். மூன்றாவதை மாமாவிடம் நீட்டினார். மாமா குடிக்க முதலே சிரிக்கத் தொடங்கிவிட்டார், ஏனென்றால் முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் மாமி எதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதை அவர் கண்டதில்லையாம். “பத்து ஏக்கர் எத்தினை பரப்படா தம்பி?” என்றார். “நூற்றறுபது மாமா.” “நான் அச்சாரம் குடுத்ததும் நூற்றறுபதுக்குத்தானே? அது ஏக்கர், இது பரப்பு. இலக்கம் பிழைக்கேல்லை!” மச்சாள் புல்லில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏஜென்ட் பெண்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவரும் சிரித்தார்.

அப்போது தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் பேசாமல் நேராக மாமியிடம் கேட்டார். “நீங்கள் வாங்கினால், நான் கிழமையில் ஒருநாள் வந்து தண்ணீர் எடுக்கலாமா?” நான் மொழிபெயர்த்து முடித்ததும் மாமி மாமாவின் கையிலிருந்த மூடியை வாங்கிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரித்தபடிதான் சொன்னார்.

“நான் அள்ளி ஊத்த மாட்டன் எண்டு சொல்லு. அவர் தன்ர கையால அடிச்சு எடுக்கட்டும். எந்த நேரமும் வரட்டும். கேட்டுக்கொண்டு நிக்கக்கூடாது எண்டு சொல்லு.”

நான் சொன்னேன். என் படிப்பால் ஆன மிகப் பெரிய காரியம் அந்த நாலு வரியை இங்கிலீசில் சொன்னதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐயாயிரம் திரும்பி வரவில்லை. வெட்டிய நிபந்தனை வெட்டியதுதான். அந்தப் பெரிய காணியை விற்க இருந்தவர் காசை வைத்துக்கொண்டு வழக்கு வம்புக்குப் போகாமல் விட்டதே பெரிய காரியம். இம்முறை நான் பத்து ஏக்கருக்கான படிவத்தில் ஒன்றுக்கு மூன்று ‘ஆனால்’ போட்டேன், மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். பதில் வந்ததும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன்: குடிக்க உகந்தது. “நான் அண்டைக்கே சொன்னனான். நீ காசு குடுத்துக் கேட்டிருக்கிறாய்” என்றார்.

இந்த ஆடியில் நான் போனபோது அவர்கள் அங்கே இருந்தார்கள். பனி உருகிய பிறகு போய், பனி விழ முதல் ஸ்காபரோவுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு சின்னத் தகர வீடு, ஆறு ஆடு, நாலு பாத்தி சின்ன வெங்காயம். திரும்பும்போது காரின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்கள் வரும். மூன்று நாள் ஓடிவந்த அந்தத் தண்ணீர் எங்கள் மாடிக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு போத்தலாகப் பிரிக்கப்படும். முதல் வருடம் அப்பா அதில் பால் விடாத பிளேன்ரீ போட்டுக் குடித்துவிட்டு, நெடுநேரம் யோசித்து, “தேயிலை நல்லது” என்றார். இப்போது எல்லோருக்கும் முந்தித் தன் போத்தலைக் கேட்டு வாங்குகிறவர் அவர்தான்.

மாமா ஒரு கொப்பியில் ஊர் உறுதிகளில் எழுதுவதுபோலத் தன் காணிக்கு நாலு எல்லையும் எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். கிழக்கே அரச வீதி. மேற்கே தொப்பிக்காரரின் வைக்கோல் காணி. வடக்கே ஒருவரும் இல்லை. தெற்கே ஒருவரும் இல்லை. “அப்பிடியே எழுது, அதுதான் உண்மை” என்றார். சிவப்பு மூடி கைப்பம்பியில் ஒரு கம்பியால் கட்டித் தொங்குகிறது, வெயிலில் வெளிறி ரோசாப் பூ நிறமாகிவிட்டது. நான் நின்ற நாளில் தொப்பிக்காரர் வந்தார், தகர வீட்டுப் பக்கம் பார்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. பம்பியடியில் இறங்கி அடித்தார், அந்த மூடியில் ஒரு வாய் குடித்தார், தன் பீப்பாயை நிரப்பிக்கொண்டு போனார். வெங்காயப் பாத்திக்குள் இருந்த மாமி தலையை நிமிர்த்தாமலே கை காட்டினார்.

காணி என்ன விலை என்று யாரும் கேட்டால் மாமா முப்பத்தோராயிரம் என்று சொல்வதில்லை. அந்த ஐயாயிரத்தையும் சேர்த்துத்தான் சொல்வார். அதைக் கொடுத்திராவிட்டால் அந்தத் தெருவுக்கே போயிருக்கமாட்டோம், ஆகவே அது தொலைந்த காசு இல்லை, கிணற்றின் விலை என்பது அவருடைய வாதம். சட்டத்தரணிக்கும் பதிவுக்கும் ஆயிரத்து நானூறு, மாமி எனக்கு இன்னமும் சொல்லிக்காட்டும் தண்ணீர்ச் சோதனைக்கு அறுபது. எல்லாமாக முப்பத்தேழாயிரத்து நானூற்று அறுபது டொலர்.